நல்ல தண்ணியில் பதுங்கும் வரிக்கொசு!
புகை அடித்தும் ஒழியாதது ஏன்? வாலாஜாபேட்டை டிரம்களில் அடங்கிய ரகசியம்

வாலாஜாபேட்டை—

சாயங்காலம் தெருமுனையில் "டுர்ர்ர்" என்று சத்தம் கேட்டால் போதும். புகை மருந்து அடிக்கிறவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் பின்னாலேயே வாண்டுகள் பட்டாளம் ஓடும். 10 நிமிஷத்துக்கு எதிர்வீடு தெரியாது. "அப்பாடா, இன்னிக்காவது நிம்மதியா தூங்கலாம்" என்று திண்ணையில் பெருமூச்சு விடுவார்கள்.

மறுநாள் காலை 9 மணி. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த நெசவாளியின் கணுக்காலில் "சுருக்"!

அடித்த புகையெல்லாம் என்ன ஆச்சு?

புகை தன் வேலையைச் செய்யாமல் இல்லை. தெருவில் பறந்துகொண்டிருந்த கொசு செத்தது. ஆனால் வீட்டுக்குள் துணிமணி மறைவிலும் கட்டில் அடியிலும் உட்கார்ந்திருந்தது தப்பித்தது. கொல்லைப்புற டிரம்முக்குள் நெளிந்துகொண்டிருந்த புழுவையோ புகை தொடவே இல்லை. அந்தப் புழு இரண்டொரு நாளில் இறக்கை முளைத்து வெளியே வந்துவிடும். ஆக, புகை அடிப்பது கண்ணுக்குக் குளிர்ச்சி. கொசுவுக்கு அது பாதி தண்டனைதான்!

பகல் திருடன்

இந்தக் கொசுவின் பெயர் ஏடிஸ். கருப்பு உடம்பில் வெள்ளை வரி போட்டிருக்கும். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் சுமந்து திரிவது இதுதான். ராத்திரி காதில் ரீங்காரம் போடும் சாக்கடைக் கொசு வேறு ஜாதி. அது யானைக்கால் நோய்க்காரன்.

"எங்க தெரு சாக்கடையை அள்ளவே மாட்டேங்கிறாங்க, அதான் டெங்கு வருது" என்று புகார் சொல்பவர்கள் ஏராளம். சாக்கடையை அள்ள வேண்டியதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வரிக்கொசு சாக்கடை பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம். அதற்கு வேண்டியது சுத்தமான, அசையாத தண்ணீர். டிரம், சிமெண்ட் தொட்டி, ஆட்டுக்கல் குழி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் யாரும் பார்க்காத அந்தத் தட்டு, கொட்டாங்குச்சி, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் குவிந்து கிடக்கும் லாரி டயர்... போதாதா?

முட்டை போடுவதிலும் அது கில்லாடி. தண்ணீரில் போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். பொரித்த புழு 7 முதல் 10 நாளில் கொசு! டிரம்மை வெறுமனே கவிழ்த்துக் கொட்டினால் போதாது, பிரஷ் போட்டு உள்சுவரைத் தேய்க்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான்.

முதல் ரயிலும் பழைய ஜுரமும்

1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் புறப்பட்ட தென்னாட்டின் முதல் ரயில் வந்து நின்றது வாலாஜா ரோட்டில். இந்த ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்ளும் சங்கதி அது. இந்த வட்டாரத்துக்கு இன்னொரு 'முதல்' உண்டு. அதை யாரும் மார்தட்டிச் சொல்வதில்லை.

இந்தியாவில் மூளைக்காய்ச்சல் எனப்படும் ஜப்பானிய என்செபலைடிஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955-ல், பக்கத்து வேலூரில். அது பரவுவது வயல்வெளிக் கொசுவால். கொக்கு, நாரை, பன்றி வழியாகச் சுற்றும் கிருமி.

அடுத்தது 1964. தென்னாட்டில் மூட்டு மூட்டாக வலி எடுத்து ஜனங்கள் சுருண்டு விழுந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கேரி, ரூத் மயர்ஸ் ஆகியோர் குழு, நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் கொசுவிலிருந்தும் சிக்குன்குனியா கிருமியைப் பிரித்துக் காட்டியது. ஆப்பிரிக்காவின் மகொண்டே மொழியில் அந்தப் பெயருக்கு வளைந்து போவது என்று பொருள். வந்தவர்களைக் கேட்டால் தெரியும், பொருத்தமான பெயர்தான்!

1973-ல் மராட்டிய மாநிலம் பார்சியில் ஒரு தடவை தலைகாட்டிவிட்டு, அது 30 வருஷத்துக்கு மேல் மறைந்தே போனது. எல்லாரும் மறந்துவிட்டார்கள். 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-ல் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் சந்தேகக் கேஸ்கள்!

டெங்குவும் சளைத்ததல்ல. தமிழ்நாட்டில் 2012-ல் 12,826 பேரைத் தாக்கி 66 உயிர்களைக் குடித்தது. 2017-ல் 23,294 பேர், பலி 65.

கிணறு கெட்டது... டிரம் வந்தது

"தண்ணியைப் புடிச்சி வெக்காதீங்கன்னு சொல்றது சுலபம் சார். குழாய்ல தெனம் தண்ணி வந்தா நாங்க ஏன் புடிச்சி வெக்கப்போறோம்?"

டிரம்மைத் திறந்து டார்ச் அடிக்க வரும் ஊழியர்களிடம் பாலாற்றங்கரைப் பெண்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிக் கிணறுகள் உப்புக் கரித்தன. 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாழானது பற்றிய ஆய்வு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பும் வந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் டன்.

கொல்லையில் கிணறு இருந்த காலத்தில் வேண்டும்போது இறைத்துக்கொண்டார்கள். கிணறு கெட்டதும் குடம் வரிசைக்கு வந்தது. குடம் பற்றாமல் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வந்தது. வரிக்கொசுவுக்குச் சொந்த வீடு கட்டிக்கொடுத்த கதை இதுதான்.

கொசு வளர இடம் கொடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்க 1939-ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்கலாம், அபராதம் போடலாம். டயர் குவிக்கும் கடைக்காரருக்கும் பாதியில் நிற்கும் கட்டடத்துக்கும் போடட்டும், யார் வேண்டாம் என்றது? நாலு நாள் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் அம்மாவிடம் ரசீதை நீட்டுகிறவர்கள், குழாயையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு நீட்டினால் தேவலை.

என்னதான் செய்வது?

டிரம்மை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வாய்க்கு வேட்டித் துணியை இறுக்கிக் கட்டலாம். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே, காலி செய்து தேய்த்துக் காயவைக்கலாம். 7 நாள் கணக்கு தவறாவிட்டால் புழு கொசுவாக வழியே இல்லை. பெரிய தொட்டி, கிணறுகளில் கப்பி மீன் விடலாம். புழுவைப் பொறுக்கித் தின்றுவிடும்.

ஊழியர்கள் ஊற்றும் அபேட் மருந்தைக் கண்டு கிலி கொள்ள வேண்டாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவுக்குள் குடிநீரிலும் ஊற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமே அனுமதித்த மருந்து. "நாத்தம் அடிக்குது" என்று அவர் தலை மறைந்ததும் கொட்டிவிட்டு, தேய்க்காமலே புதுத் தண்ணீர் பிடிப்பவர்கள்தான் மறுபடி மாட்டுகிறார்கள்.

ஜுரம் வந்துவிட்டால் ஒரு விஷயம் முக்கியம். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்டு வாங்கி முழுங்கக் கூடாது. ஆஸ்பிரின், புரூபென் வகையறா டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாரசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.

டெங்குவின் கபடம் இன்னொன்று. நாலாம் நாள் உடம்பு ஜில்லென்று ஆகும். "ஜுரம் வுட்டுப்போச்சு" என்று எழுந்து தறியில் உட்காருவார்கள், தோல் ஷெட்டுக்குக் கிளம்புவார்கள். ஜுரம் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, குழந்தை சுருண்டு படுத்துக்கொள்வது... இதில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், நள்ளிரவானாலும் வாலாஜா அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும்.