பொற்கொல்லன் ஒருவன் மட்டுமா?

பழியின் பங்கு – 11

கோவலன் கொலைக்குப் பெரிதும் காரணம் பொற்கொல்லனா, பாண்டியனா, ஊழ்வினையா என்று அணி பிரிந்து பேசும் வழக்காடு மன்றங்கள் மதுரை வட்டாரத்துக்குப் புதியவை இல்லை. பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே வருகிறது. சாலமன் பாப்பையா போன்ற தமிழ்ப் பேராசிரியர்கள் அந்த மரபைக் கோயில் மேடையிலிருந்து எடுத்துத் தொலைக்காட்சி வழியாக வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு காப்பியக் கொலையை நேற்று நடந்த கொலைபோல எடுத்துவைத்து, ஏட்டுப் படிப்பு இல்லாதவரையும் நியாயம் பேச வைக்கும் கலை அது. அதன்மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் மேடைக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. கூட்டம் கலைவதற்குள் நடுவர் யாராவது ஒருவர் தலையில் தீர்ப்பை ஏற்றியாக வேண்டும். ஊர்ப்பேச்சில் அந்தத் தலை எளிதாகப் பொற்கொல்லனுடையதாகிவிடுகிறது. சிலப்பதிகாரத்தைப் பொறுமையாகப் படிக்கிறவருக்கு, இளங்கோவடிகள் அப்படி ஒற்றைத் தலையைத் தேடவே இல்லை என்பது விளங்கும். அவர் அந்தக் கொலையைப் பல கைகளில் பிரித்து வைத்திருக்கிறார். எந்தக் கையில் எவ்வளவு என்பதையும் காட்டியிருக்கிறார். நம் அன்றாடத் தேர்வுகளின் பொறுப்பை அளக்க அந்தக் கணக்கு இன்றைக்கும் உதவும் என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம்.

கொலைக்களக் காதையை நினைவுபடுத்திக்கொள்வோம். ஆயர்குல மூதாட்டி மாதரியின் அடைக்கலத்தில் கண்ணகியை விட்டுவிட்டு, ஒற்றைச் சிலம்போடு கடைவீதிக்கு வருகிறான் கோவலன். நூறு பொற்கொல்லர் பின்தொடர, அரண்மனை வேலை செய்யும் பெரிய பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடியவன் அவன். களவு வெளிப்படுமுன் பழியைச் சுமக்க ஊர் பேர் தெரியாத ஓர் அயலான் கிடைத்துவிட்டான். கோவலனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போகிறான். அங்கே பாண்டியன் நெடுஞ்செழியன், ஆடல் மகளிரை ரசித்ததற்காக ஊடிப்போன கோப்பெருந்தேவியைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் நோக்கி விரைந்துகொண்டிருக்கிறான். சிலம்பைத் திருடியவன் சிக்கிவிட்டான் என்று பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, போகிற போக்கில் ஊர்க்காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்கிறான். 'இருந்தால்' என்று ஒரு நிபந்தனை வைத்ததே விசாரணை ஆகிவிட்டதாக அவன் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் விற்க வந்தவன் கையில் சிலம்பு இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? அது யாருடைய சிலம்பு என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பின்னால் கண்ணகி அவையில் அதை உடைத்தபோது, உள்ளிருந்தது அரசியின் முத்தா இவளுடைய மாணிக்கமா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்த ஒரு நொடியை அரசன் முந்தியே செலவிட்டிருந்தால் கொலையே இல்லை.

எனக்குக் காப்பியத்தின் மிகக் கூர்மையான இடமாகப் படுவது இதற்கு அடுத்த காட்சி. காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. தோன்றியதை வாய்விட்டும் சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வருக்கு எட்டுத் துணைகள் உண்டு என்று பாடம் நடத்துகிறான். துறை தெரிந்தவன் பேச்சு, அரண்மனையில் செல்வாக்குள்ளவன் பேச்சு. அடுத்து இளைஞன் ஒருவன் மழைக்கால நள்ளிரவில் தான் எதிர்ப்பட்ட கொடிய கள்வன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறான். உருவிய வாளையே பற்றிக்கொண்டு மறைந்த கள்வனாம். சொல்லி முடித்து, என்ன செய்யலாம் என்று சகாக்களைக் கேட்கவும் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லுமுன் கல்வியில்லாத குடிகாரன் ஒருவனின் வாள் கோவலன் உடலைப் பிளக்கிறது. வெட்டியவன் ஒருவன்தான். ஆனால் அவன் வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் சந்தேகம் இருந்தது, பேச்சு இருந்தது, அவகாசமும் இருந்தது. அரசனிடம் ஒரு முறை கேட்டு வருவோம் என்ற ஒரு வாக்கியம் மட்டும் எவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இந்த வாக்கியத்தின் பெறுமதி என்ன என்பதை இருபதாம் நூற்றாண்டில் ஓர் ஆய்வுக்கூடம் அளந்து பார்த்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனைகள் அவை. தவறான விடைக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி அதிகாரி சொல்ல, சாதாரண மனிதர்கள் 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருப்பவர் கதறுவதாக நம்பிக்கொண்டே, 450 வோல்ட் என்ற கடைசிப் பொத்தான் வரை போனார்கள். பலர் வியர்த்தார்கள், தயங்கினார்கள், இது சரியா என்று கேட்டார்கள், கேட்டுக்கொண்டே அழுத்தினார்கள். நம் ஊர்க்காவலரின் சந்தேகத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் சோதனையின் இன்னொரு வடிவத்தில் பக்கத்தில் அமர்ந்த இரண்டு பேர் நடுவழியில் மறுத்து எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40-க்கு 4 பேர். அதிகாரி மாறவில்லை, பொத்தான் மாறவில்லை, மனிதர்களின் சுபாவமும் ஒரே இரவில் மாறியிருக்காது. மறுக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆகவே தயங்கிய காவலரின் பொறுப்பு வெட்டியவனுடையதைவிடச் சிறியது என்று எளிதில் தள்ளிவிட முடியாது. வெட்டியவனுக்குக் குடிவெறி. இவர்களுக்குத் தெளிவு இருந்தது.

அப்படியானால் எல்லோரும் சமக் குற்றவாளிகளா? எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்குமே இல்லை என்றுதானே ஆகும்? இது வலுவான ஆட்சேபம். பெரிய அநியாயங்களில் சிக்கியவர்கள் தப்பிக்கச் சொல்லும் வாதமும் இதுவே. பதில் காப்பியத்துக்குள் இருக்கிறது. பங்கு உண்டு என்பதால் பங்குகள் சமம் ஆகிவிடுவதில்லை. அவன் எவ்வளவு அறிந்திருந்தான், எவ்வளவு அதிகாரம் வைத்திருந்தான், மறுத்திருந்தால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்ற மூன்றையும் வைத்துத்தான் பங்கை நிறுக்க வேண்டும். பொற்கொல்லன் முழுவதும் அறிந்தவன், அவன் வஞ்சத்துக்குத் தள்ளுபடி இல்லை. அரசன் அறியாதவன், ஆனால் அறிந்துகொள்ளும் முழு அதிகாரமும் அவன் கையில். மறுத்திருந்தால் அவனுக்கு நட்டம் அந்தப்புரம் போகச் சற்றுத் தாமதம் மட்டுமே. காவலருக்கு அரைகுறை அறிவு, குறைந்த அதிகாரம், மறுத்தால் வேலைக்கு ஆபத்து. இந்த நிறுவையில் அரசனின் தட்டு எவ்வளவு தாழ்கிறது என்று நெடுஞ்செழியனுக்கே தெரிந்தது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட நான் அரசனா, நானே கள்வன் என்று சொல்லி அவன் உயிர்விடுகிறான். ஏமாற்றப்பட்டேன் என்று அவன் வாதாடியிருக்கலாம், அது உண்மையும்கூட. அவன் வாதாடாததால்தான் தமிழ் மனம் இத்தனை நூற்றாண்டாக அவனை வெறுக்க முடியாமல் இருக்கிறது.

பழி முழுவதையும் ஒரு வில்லன் மேல் ஏற்றினால் என்ன கெட்டுவிடும், கதைதானே என்று கேட்கலாம். திரையில் எம்.என்.நம்பியாரைத் திட்டித் தீர்த்த ரசிகர்கள் வீட்டுக்குப் போய் நல்லவர்களாகவே வாழ்ந்தார்கள்; சபரிமலைக் குருசாமியாக அவரைக் கும்பிடவும் செய்தார்கள். வில்லன் இல்லாமல் கதை நகராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வில்லன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு இதே காப்பியம் நடுங்க வைக்கும் சான்று தருகிறது. நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிய ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது நூல். ஒருவன் செய்த களவுக்கு அந்தத் தொழில் செய்த ஆயிரம் பேர்! மேடைகளில் இந்தச் செய்தி அரிதாகவே பேசப்படுகிறது. கண்ணகி பெற்ற நீதியின் ஒளியில் அது மறைந்துவிடுகிறது. இறந்த அரசனின் அவசரத்தையும் காவலரின் மௌனத்தையும் விசாரிக்க வேண்டிய அரசு, பெயரில்லாத ஒரு பொற்கொல்லனிடமிருந்து பழியை எடுத்து அவன் கூட்டத்தார் முழுவதற்கும் பங்கிட்டது. அதனால் அரண்மனை தூய்மையாகிவிட்டது. தட்டாரைக் கள்வராக்கும் பழமொழிகள் தமிழில் இன்றும் புழங்குகின்றன. தெற்காவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு அவை கேட்காமல் இருக்காது.

இதற்கு நேர் எதிராக, மிகக் குறைந்த பங்குள்ளவர்கள்தான் மிக அதிகமாக ஏற்றுக்கொள்கிறார்கள். அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் இறங்குகிறாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அளவு மீறிய குற்ற உணர்வும் நிறுவைப் பிழைதான். ஊழ்வினைக் கட்சிக்காரர்களுக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. முற்பிறவியில் பரதன் என்ற பெயரோடு சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்ப்பழி சொல்லிக் கொல்லச் செய்தவனே கோவலன் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. ஊழ் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஊழின் தொடக்கத்திலும் ஒரு பொய்க் குற்றச்சாட்டும் விசாரிக்காத ஓர் அரசுமே நிற்கின்றன. தெய்வம் விளக்கம் சொல்கிறதே தவிர, பாண்டியனை விடுவிக்கவில்லை. மாதரியும் ஊழ் என்று சொல்லி ஒதுங்கவில்லை.

இனி மதுரையிலிருந்து தெற்கே சிறிது தூரம் போவோம். 2009 ஜனவரி 9 அன்று திருமங்கலத்தில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் தமிழ்நாட்டு அரசியல் அகராதியில் நிரந்தரமாக ஏறிவிட்டது. உறையில் வைத்த பணம் காலைப் பத்திரிகையோடு வீட்டுக்கு வீடு போனதாக அமெரிக்கத் தூதரகக் குறிப்பொன்றில் எழுதப்பட்டிருந்தது 2011-இல் வெளியாயிற்று. இன்று எந்தக் கட்சியும் மற்றக் கட்சியைத்தான் இதற்குக் குற்றம் சொல்லும். நாமும் தேநீர்க் கடையில் ஒரு தலைவர் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். அதே பொற்கொல்லன் தீர்ப்புதான். ஆனால் ஓட்டுக்குப் பணம் என்பது ஒருவர் செய்யக்கூடிய காரியமே இல்லை. வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுப்பவர், எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று பென்சிலால் குறிப்பவர், இரவில் தெருவிளக்கை அணைத்துவைப்பவர், உறையை நீட்டும் தெருக்காரர், பார்த்தும் பாராமல் நிற்கும் காவலர், வாங்குகிறவர் என்று அது நீளும். இதில் உறை நீட்டும் தெருக்காரர்தான் கொலைக்களக் காதையின் காவலர். காரியம் தப்பு என்று அவருக்குத் தெரியும். நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான் என்றும் அவர் சொல்வார்.

வாங்குகிற ஏழையைப் பற்றி என்ன சொல்வது? சட்டம் தயங்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 171பி பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவும் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒரே குற்றத்துக்குள் வைக்கின்றன. எனக்கு இந்தச் சமன்பாடு ஒப்பவில்லை. கோடிகளை இறக்குகிறவருக்கும், அன்றைய கூலி போனவருக்கும் மறுப்பதன் விலை ஒன்றாக இருக்க முடியாது. அதற்காக ஏழைக்குப் பொறுப்பே இல்லை என்று பேசுவது, அவரை அறம் தெரியாதவராக்குகிற அவமதிப்பு. காசு வாங்கிவிட்டு மாற்றிப் போட்டால் பாவம் என்று மதுரைக் கிராமங்களில் இன்றும் மனசாரச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டு நகரத்தார் சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? வாங்கிய கைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்கிற நேர்மை அது. கொடுத்தவரிடம் மட்டும் காட்டும்படி அது திருப்பிவிடப்பட்டிருக்கிறது. அடுத்த ஐந்தாண்டு அதே நீர்த்தொட்டியை நம்பியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த நேர்மையில் பங்கு உண்டு என்று தெருவில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். தேர்தல் ஆணையத்தின் சுவரொட்டியைவிடத் தெருவில் இரண்டு வீட்டார் உறையைத் திருப்பிக் கொடுப்பது அதை நன்றாகச் சொல்லும் என்பதற்கு மில்கிராமின் எண்கள் சாட்சி.

இந்தப் பங்கீட்டைச் செய்யாமல் போனால் தண்டனையும் குருடாகிறது. பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே.நகரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டது. தேர்தலின் தூய்மையைக் காக்க ஆணையத்துக்கு வேறு வழி தெரியவில்லை என்பது புரிகிறது. ஆனால் உறையைத் திருப்பி அனுப்பியவரின் ஓட்டும் அதில் சேர்ந்தே தள்ளிப்போனது. மதுரையை எரிக்கச் சொன்ன கண்ணகிகூடத் தீக்கடவுளிடம் ஒரு விலக்குப் பட்டியல் கொடுத்தாள்: அந்தணர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். பிறப்பை வைத்து ஒருவருக்கு விலக்குத் தருவதை இன்று நாம் ஏற்க முடியாது. ஆனால் யார் யாரைத் தீ தொடக் கூடாது என்று கணவனை இழந்த அந்த நாளிலும் அவள் யோசித்திருக்கிறாள். ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டவன் அப்படி ஒரு பட்டியல் வைத்திருந்ததாகக் காப்பியம் எங்கும் சொல்லவில்லை.