கணிப்பொறிக்குள் கனநீர்

சாதாரண நீர் 0 டிகிரி செல்சியசில் உறைகிறது, கனநீரோ 3.8 டிகிரியிலேயே உறைந்துவிடும். அதில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக இருமடங்கு நிறையுள்ள டியூட்டிரியம் இருக்கிறது.

ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மானும் ஸ்டில்லிங்கரும் 1971-இல் 216 நீர் மூலக்கூறுகளின் இயக்கத்தை நியூட்டன் விதிப்படி கணிப்பொறியில் கணக்கிட்டார்கள். அத்தகைய கணக்கில் ஹைட்ரஜனின் நிறையை இரட்டித்தால் கனநீர் கிடைத்துவிடுமா? கிடைக்காது. மூலக்கூறுகள் மெதுவாக நகரும், அவ்வளவுதான். உறைநிலை இம்மியும் மாறாது. நியூட்டன் கணக்கில் சமநிலைப் பண்புகள் நிறையைச் சார்ந்தவை அல்ல!

உண்மையில் அணுக்கள், குவாண்டம் விதிப்படி, எவ்வளவு குளிர்ந்தாலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கனத்த டியூட்டிரியத்தின் அதிர்வு குறைவு. எனவே ஹைட்ரஜன் பிணைப்பு சற்று உறுதியாகிறது. இதை ஈடுகட்ட, கனநீர் மாதிரிகளில் அணுக்களின் மின்னூட்டத்தைச் சிறிது கூட்டிவிடுகிறார்கள். குறுக்கு வழிதான், ஆனால் குவாண்டம் கணக்கை முழுவதும் போட்டால் கணிப்பொறி நேரம் பன்மடங்காகும்.