மீட்டர் காட்டுவது தண்ணீரை அல்ல

“மீட்டர் வைத்துப் பார்த்தவர், ‘இங்கே எண் ரொம்பக் குறைவு, தண்ணீர் கொட்டும்’ என்றார். நகையை அடகு வைத்து 450 அடி போட்டோம். புகைதான் வந்தது. கருவி பொய் சொல்லுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கருவி பொய் சொல்லவில்லை. அது தண்ணீரைப் பார்க்கவே இல்லை. மண்ணும் பாறையும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பதை மட்டும் அளந்தது.

இந்த முறை முதலில் தாது தேடத்தான் வந்தது. 1912-ல் பிரான்சில் கான்ராட் ஷ்லும்பெர்ஜே என்பவர் பூமிக்குள் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். கடும்பாறைக்கு நடுவே செம்புத் தாது போன்றவை இருந்தால் மின்சாரம் எளிதில் ஓடும், தடை சட்டென்று குறையும். அதே கணக்குதான் பிறகு போர்வெல்லுக்கும் வந்தது. வெளிக்கம்பிகள் இரண்டில் மின்சாரம் விடுகிறார்கள், உள்கம்பிகள் இரண்டில் வோல்ட் பார்க்கிறார்கள். கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் ஆழம் கூடும்.

பிளவில்லாத கருங்கல் 1,000 ஓம்-மீட்டருக்கு மேலே காட்டும். நல்ல தண்ணீர் நிறைந்த சிதைந்த பாறை பெரும்பாலும் சில பத்துகளிலிருந்து 200-க்குள் நிற்கும். களி 20-க்கும் கீழே போய்விடும், உப்புத் தண்ணீர் அதற்கும் கீழே. சிவகங்கைப் பக்கம் கிராஃபைட் கலந்த பாறையிலும் எண் விழும். ஆக, எண் குறையக் குறையத் தண்ணீர் கூடும் என்பது தப்புக் கணக்கு. தாது தேடுகிறவருக்கு அது சரி, நமக்கு ஆகாது.

இன்னொன்று, கம்பி வரிசையின் நீளம். ஆழம் அதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான். 330 அடி, அதாவது 100 மீட்டர் ஆழம் தெரிய 300 முதல் 400 மீட்டர் வரை கம்பி இழுக்க வேண்டும். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 64 மீட்டர்தானே! பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்காமல் முடியாத வேலை. வரப்புக்குள்ளேயே கம்பியை நட்டுவிட்டு “400 அடியில் ஊற்று” என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நீளமாக இழுத்தாலும் 300 அடிக்குக் கீழே கையகல வெடிப்பு மீட்டரில் தெரியாது. அதை ஒத்துக்கொள்கிறவர்தான் நல்ல ஆய்வாளர்.

இரும்புக் குழாய், கம்பி வேலியை ஒட்டி வரிசை போடக் கூடாது. இரண்டு மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி தூரமும் எண்ணும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் இந்த ஆய்வு செய்கிறார்கள், அந்தத் தாளை அங்கே காட்டிக் கேட்கலாம்.

கடிதம் எழுதியவரிடம் தாள் இருந்தால் அனுப்புங்கள். எத்தனை அடியில் களி வந்தது, எத்தனை அடியில் பாறை தட்டியது என்று வண்டிக்காரரிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த போர் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.