பட்டினப்பாக்கத்தில் வீடு வாங்கப் போறீங்களா? சுவரைப் பார்க்காதீங்க, 'அலாட்மெண்ட்' யார் பேர்ல இருக்குன்னு பாருங்க!

சென்னை பட்டினப்பாக்கத்தில் ஒரு வீடு கிடைத்தால் விடுவாரா யாராவது? வாசலில் இருந்து பார்த்தால் கடல். நடக்கும் தூரத்தில் பஸ் நிலையம். மந்தைவெளிக்குப் போனால் பறக்கும் ரெயில். மயிலாப்பூர், அடையாறில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும், மீன் வியாபாரம் செய்பவர்களுக்கும், ஆட்டோ ஓட்டுபவர்களுக்கும் இதைவிட வசதியான இடம் இல்லை.

ஆனால் பக்கத்தில் எம்.ஆர்.சி.நகரில் அடுக்குமாடி வீட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கூலி வேலை செய்கிறவர் அந்தப் பக்கம் எட்டிக்கூட பார்க்க முடியாது. அதனால்தான் சீனிவாசபுரம் பக்கம் 'ஸ்லம் போர்டு வீடு ஒண்ணு வருது' என்று யாராவது சொன்னால் நகையை அடகு வைத்தாவது வாங்கிவிட துடிக்கிறார்கள்.

புரோக்கர் பேச்சும் அதற்கு ஏற்ற மாதிரியே இருக்கும். "அண்ணே, ஒரிஜினல் ஆர்டர் கையில குடுத்துடுவாங்க. பவர் எழுதிக்கலாம். கரண்ட் பில்லு உங்க பேருக்கு மாத்திக்கலாம். நாளைக்கு இடிச்சுக் கட்டினா புது வீடே உங்களுக்குத்தான்!"

இதில் கடைசி வரியில்தான் ஆள் கவிழ்கிறார்.

மூணு வகை வீடு

பட்டினப்பாக்கத்தில் எல்லா வீடும் ஒரே மாதிரி கிடையாது. வீட்டு வசதி வாரியம் கட்டிய அரசு ஊழியர் வாடகை குடியிருப்பு என்று ஒரு வகை இருந்தது. அது வேலையில் இருக்கும் வரை வாடகைக்குத் தங்கும் வீடு. அதை யாரும் யாருக்கும் விற்கவே முடியாது. இரண்டாவது, தனியார் வீடுகளும் அடுக்குமாடிகளும். அதற்கு மற்ற இடங்களைப் போல கிரயப் பத்திரம் உண்டு.

மூணாவதுதான் குடிசை மாற்று வாரிய வீடுகள். 1970-ம் ஆண்டு கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்ட வாரியம் இது. 2021-ம் ஆண்டு 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் ஜனங்க வாயில் அது இன்னும் 'ஸ்லம் போர்டு'தான்.

இந்த வாரிய வீடு குடிசையில் இருந்த ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்படுவது. முதலில் கிடைப்பது ஒதுக்கீட்டு ஆணை. அதைத்தான் அலாட்மெண்ட் ஆர்டர் என்கிறார்கள். அதன்பிறகு மாதத் தவணை கட்ட வேண்டும். எல்லாத் தவணையும் முடிந்து, நிலுவை இல்லை என்று ஆன பிறகு வாரியம் கிரயப் பத்திரம் போட்டுக் கொடுக்கும். அந்தப் பத்திரம் பதிவான நாளில்தான் அந்தக் குடும்பம் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிறது. அதுவரை வீடு வாரியத்தினுடையது. ஒதுக்கீடு பெற்றவர் அதில் குடியிருக்கலாம், விற்க முடியாது.

சென்னையில் பல திட்டப் பகுதிகளில் இந்தக் கிரயப் பத்திரமே இன்னும் வரவில்லை. சில இடங்களில் தவணை பாக்கி. சில இடங்களில் நிலம் வேறு துறையின் பெயரில் இருக்கிறது, வாரியத்துக்கு முறைப்படி மாறவில்லை. தாத்தா காலத்தில் ஒதுக்கிய வீட்டுக்கு பேரன் காலத்திலும் பத்திரம் இல்லை என்றால் அது அந்தக் குடும்பத்தின் குற்றம் அல்ல. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்தான் மாட்டிக் கொள்கிறார்.

பவர் பத்திரம் வீடு ஆகுமா?

ஆகாது. 2011-ம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. அரியானா மாநிலத்துக்கு எதிராக சூரஜ் லேம்ப் என்ற நிறுவனம் தொடர்ந்த வழக்கு அது. பவர் பத்திரம், விற்பனை அக்ரிமென்ட், உயில் ஆகியவற்றை எழுதிக் கொடுப்பதால் மட்டும் சொத்து கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் சொத்தை மாற்றும் என்று அதில் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

சொந்தமாகப் பத்திரம் உள்ள வீட்டுக்கே இந்த நிலை. தனக்கே சொந்தமாகாத வீட்டை ஒருவர் பவர் எழுதிக் கொடுத்தால் அதற்கு என்ன மதிப்பு? 100 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி முத்திரை குத்தி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்து போட்டாலும் அதே கதிதான். பவர் கொடுத்தவர் இறந்து போனால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு போய்விடும். அதன்பிறகு அவரது பிள்ளைகள் வந்து "எங்க அம்மா பேர்ல இருக்கிற வீடு" என்று கதவைத் தட்டுவார்கள்.

கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஆதார் கார்டு எல்லாம் அந்த முகவரியில் இருக்கிறதே என்பார்கள் சிலர். அவை நீங்கள் அங்கே குடியிருப்பதற்குத்தான் சாட்சி.

இன்னொரு சூதும் இதில் உண்டு. வில்லங்க சான்றிதழ் எடுத்துக் காட்டுவார்கள். அதில் எந்தப் பதிவும் இருக்காது. "பாருங்க, சுத்தமா இருக்கு, ஒரு வில்லங்கமும் இல்ல" என்பார் புரோக்கர். உண்மையில் வாரிய வீட்டுக்கு வில்லங்க சான்றிதழ் காலியாக இருந்தால் கவலைப்பட வேண்டும். வாரியம் அந்த வீட்டை யாருக்கும் இன்னும் கிரயம் செய்து கொடுக்கவில்லை என்பதே அதன் அர்த்தமாக இருக்கலாம். வாரியத்தில் இருந்து ஒதுக்கீடு பெற்றவருக்கு எழுதிய பத்திரம் அதில் முதல் வரியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

இடிக்கும்போதுதான் தெரியும்

இத்தனை வருஷமா எத்தனையோ பேர் இப்படி வாங்கி நிம்மதியா இருக்காங்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள்தான். கட்டிடம் நிற்கிற வரை யாரும் கேட்பதில்லை. ஆனால் பட்டினப்பாக்கத்தில் கட்டிடங்கள் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் இப்போது கேள்வி.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சீனிவாசபுரத்தில் வாரியக் குடியிருப்பின் ஜன்னல் சன்ஷேடு இடிந்து தலையில் விழுந்து வாலிபர் ஒருவர் பலியானார். கோபம் அடைந்த மக்கள் ரோட்டில் இறங்கினர். அதற்கு 3 ஆண்டுக்கு முன், 2021-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டிடம் ஒன்று அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து ஆட்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

கடலோரத்தில் இந்த ஆபத்து கூடுதல். காரணம் உப்புக்காற்று. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உப்பு அரிக்கிறது. துரு பிடித்த கம்பி ஊதிப் பெருக்கும். அப்படிப் பெருக்கும்போது மேலே உள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். முதலில் மெல்லிய விரிசல், பிறகு பழுப்புக் கறை, அப்புறம் பாளம் பாளமாக விழும். சன்ஷேடு, பால்கனி, படிக்கட்டின் அடிப்பக்கம் என்று மெலிதாகப் போட்ட இடங்களில்தான் இது முதலில் தெரியும். மேலே பெயிண்ட் அடித்து மறைத்தாலும் தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கு என்று பொள்ளல் சத்தம் கேட்கும்.

இப்படி மோசமான கட்டிடங்களை இடித்து மறுபடி கட்டுவது வாரியத்தின் திட்டம். பழைய வீடுகள் ஒரு அறை, சின்ன சமையல் கட்டு என்ற அளவுதான். இப்போது கட்டுகிற வீடுகள் சுமார் 400 சதுர அடி. காலி செய்யும் குடும்பத்துக்கு வெளியில் வாடகைக்குத் தங்க கொடுக்கும் தொகையும் ரூ.8 ஆயிரத்தில் இருந்து ரூ.24 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. வேலை முடிய 2 வருஷம் ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய்தான் வருகிறது. பட்டினப்பாக்கம் பக்கம் அந்தப் பணத்துக்கு என்ன வாடகை வீடு கிடைக்கும் என்பது தனிக்கதை.

இடிப்பதற்கு முன் கணக்கெடுப்பு நடக்கும். அப்போது அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வியே, "அலாட்மெண்ட் யார் பேர்ல?" என்பதுதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒருவர் 8 லட்சம் கொடுத்து அக்ரிமென்டில் வாரிய வீடு வாங்கியதாக வைத்துக் கொள்வோம். 10 வருஷம் குடியிருந்தார். டைல்ஸ் போட்டார், கழிப்பறையை மாற்றினார். கட்டிடம் இடிபடும்போது வாரிய ரிஜிஸ்டரில் இருப்பது பழைய ஆளின் பெயர். புது வீட்டுக்கு உரிமை கோருகிறவர் அந்தப் பழைய ஆள் அல்லது அவரது வாரிசு. வாங்கியவர் கையில் இருப்பது இடிந்து போன வீட்டின் பேரில் எழுதிய ஒரு காகிதம். கொடுத்த 8 லட்சத்தை விற்றவரிடம்தான் திருப்பிக் கேட்க முடியும். அவர் அந்தப் பணத்தை வைத்துக் கொண்டு காத்திருக்கப் போகிறாரா என்ன?

"குடியிருக்கிறவங்க பேருக்கே மாத்தித் தர ஆர்டர் வரப்போவுது" என்ற பேச்சு அடிக்கடி கிளம்பும். அப்படி அரசு முடிவு எடுத்தால் அது சலுகை. வருமா வராதா என்று தெரியாத சலுகையை நம்பி வாழ்நாள் சேமிப்பை போடுவது சூதாட்டம்தான்.

இதற்கு மேல் கடலும் இருக்கிறது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி சீனிவாசபுரத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவை இல்லை. 2018-ம் ஆண்டிலும் கடல் அரிப்பில் கரையோர வீடுகள் பல இடிந்தன. சுனாமிக்குப் பிறகு சென்னை கடலோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்குப் போயின. 2015-ம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. மீன் பிடிக்கிறவரை கடலை விட்டு இத்தனை தூரம் கொண்டு போய் வைத்தது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் மாற்று வீடு கொடுக்கும்போதும் பார்க்கப்படுவது அரசுப் பதிவில் இருக்கிற பெயர்தான்.

லீசுக்கு எடுப்பவர்களும் உஷார்

விலைக்கு வாங்க முடியாதவர்கள் 3 லட்சம், 4 லட்சம் என்று கொடுத்து லீசுக்குப் போகிறார்கள். வாடகை இல்லை, முடிவில் முழுப்பணமும் வந்துவிடும் என்ற கணக்கு. வாரிய வீட்டை லீசுக்கு விடவும் ஒதுக்கீடு பெற்றவருக்கு உரிமை கிடையாது. அதிலும் அக்ரிமென்டில் வாங்கிய இரண்டாவது ஆள், மூன்றாவது ஆளுக்கு லீசு விட்டிருப்பார். திடீரென்று காலி செய்யச் சொன்னால் பணத்துக்கு யாரைப் பிடிப்பது? தனியார் வீடு என்றாலும், 2019-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமாக ஒப்பந்தம் போட்டு பதிவு செய்ய வேண்டும்.

தனியார் பிளாட் வாங்குகிறவர்களுக்கு வேறு கவலை. கட்டிடத்தின் வயதைவிட, பத்திரத்தில் எத்தனை சதுர அடி பிரிபடாத மனை உங்கள் பெயருக்கு வருகிறது என்பதே முக்கியம். கட்டிடம் பழசானால் மிஞ்சுவது அதுதான். செலவையும் மறக்கக்கூடாது. பழைய பிளாட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்குப் பதிவு செய்தால் 1 லட்சத்து 80 ஆயிரம் தனியாக வேண்டும். 2025-ம் ஆண்டு ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

ஏற்கனவே வாங்கியவர்கள் என்ன செய்வது?

முதலில் வீட்டை விற்றவரோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள். பணம் கொடுத்த ரசீது, பேங்க் மூலம் அனுப்பிய விவரம், அசல் ஒதுக்கீட்டு ஆணை, தவணை கட்டிய சலான் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தவணை பாக்கி இருந்தால் அதை ஒதுக்கீடு பெற்றவர் பெயரிலேயே கட்டி முடித்து, வாரியத்திடம் அவர் பெயரில் கிரயப் பத்திரம் வாங்க வைத்து, அதன்பிறகு அவரிடம் இருந்து உங்கள் பெயருக்குப் பதிவு செய்வதுதான் நேர்வழி. பத்திரத்தில் இத்தனை ஆண்டுக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறதா என்பதையும் வக்கீலிடம் காட்டிப் பாருங்கள்.

ஒதுக்கீடு பெற்றவர் இறந்திருந்தால், அவரது வாரிசுகள் இறப்புச் சான்றிதழும் வாரிசு சான்றிதழும் கொடுத்து பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இது வாங்கியவருக்கு மட்டும் அல்ல. அம்மா பெயரில் உள்ள வீட்டில் விற்காமல் குடியிருக்கும் பிள்ளைகளும் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிக்குள் பேசி முடிக்காமல் இருந்தால், கணக்கெடுப்பு நாளில்தான் பஞ்சாயத்து வெடிக்கிறது.

விற்றவர் ஏமாற்றியது தெரிந்தால் போலீசில் மோசடி புகார் கொடுக்கலாம். ஒரே வீட்டை இரண்டு மூன்று பேருக்கு விற்றிருந்தால் உடனே கொடுக்க வேண்டும்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டாலும் பரவாயில்லை. வாரியத்தின் தலைமை அலுவலகம் ஒன்றும் தூரத்தில் இல்லை, காமராஜர் சாலையில் மெரினாவுக்கு எதிரிலேயே இருக்கிறது. பட்டினப்பாக்கத்தில் இருந்து கடற்கரையை ஒட்டியே போய்விடலாம். பிளாக் எண், வீட்டு எண்ணைச் சொல்லி ஒதுக்கீடு யார் பெயரில் இருக்கிறது, நிலுவை எவ்வளவு, கிரயப் பத்திரம் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். வாயால் சொல்ல மறுத்தால், 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த 30 நாள் பொறுக்க முடியாது, வேறு பார்ட்டி ரெடியா இருக்கு என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், அந்த பார்ட்டியே வாங்கிக் கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.