முகத்தில் எண்ணெய் வழிகிறதா? பனியன் கம்பெனி வேலைக்குப் போறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

காலையில் முகம் கழுவி, பவுடர் போட்டு ஷிப்டுக்குப் போனால், டீ டைம் வருவதற்குள் நெற்றியும் மூக்கும் பளபளவென்று ஆகிவிடுகிறதா? திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள் பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் இதற்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஒரு சின்ன ட்யூப் க்ரீம், பிரச்சனையைப் பல மடங்கு பெரிதாக்கிவிடலாம். எப்படி?

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

நம் தோலில், முடிக்கால்களை ஒட்டிச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. இவை சுரக்கும் எண்ணெய்க்கு 'சீபம்' என்று பெயர். நெற்றி, மூக்கு, தாடைப் பகுதிகளில் இந்தச் சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் முதலில் மினுமினுக்கும். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது சுரப்பும் கூடும். பரம்பரையும் ஒரு காரணம். ஆக, எண்ணெய்ச் சருமம் அழுக்கால் வருவதில்லை. அது நோயும் இல்லை.

இந்த எண்ணெயோடு உதிரும் தோல் செல்கள் சேர்ந்து துளையை அடைத்தால் கரும்புள்ளி வரும். அதற்குள் பாக்டீரியா பெருகி வீங்கினால் பரு.

வேலை இடத்தில் என்ன சிக்கல்?

வெக்கை, வியர்வை, பஞ்சுத் தூசி எல்லாம் முகத்தில் படியும். நிட்டிங் மெஷின், தையல் மெஷின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் துளைகள் அடைபட்டு, கைகளிலும் தொடையிலும்கூட பரு வரலாம். இதைத் தோல் மருத்துவத்தில் 'ஆயில் ஆக்னி' என்பார்கள். மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட்டால் முகத்தைத் துடைக்கும் பழக்கம் இருந்தால், இன்றே நிறுத்துங்கள். துணியில் கறை எடுக்கும் கெமிக்கலைக் கை, முகத்தில் ஆயிலைப் போக்கப் பயன்படுத்தவே கூடாது.

தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் பரு வரும். வேலைக்குப் போகும்போது அளவாக வையுங்கள்.

எத்தனை முறை முகம் கழுவலாம்?

காலை ஒரு முறை, வேலை முடிந்து வந்ததும் ஒரு முறை. அதிகம் வியர்த்தால் நடுவில் வெறும் தண்ணீர் போதும். துணி துவைக்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். சாதாரண சோப்புகளின் காரத்தன்மையும் தோலுக்கு அதிகம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காது. அதன் படிவு தோலில் தங்கி எரிச்சல் தரும். மென்மையான ஃபேஸ்வாஷ் நல்லது. முடிந்தால் கடைசியாக நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

எண்ணெய்ச் சருமத்துக்கும் மாய்ஸ்ச்சரைசர் தேவை. ஜெல் வகையாக, 'நான்-காமெடோஜெனிக்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

பருவுக்குத் தரப்படும் 'பென்சாயில் பெராக்சைடு' ஜெல்லில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அது சாயத்தை வெளுக்கும்! செக்கிங், கைமடியில் இருப்பவர்கள் அதைத் தடவிய கையோடு கலர் துணியைத் தொட்டால் பீஸ் வீணாகிவிடும். இரவில் தடவி, கையை நன்றாகக் கழுவுங்கள். தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும். எந்த மருந்தும் பலன் தர 6 முதல் 8 வாரம் ஆகும்.

எதைத் தொடவே கூடாது?

ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள். ட்யூபில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இவை வேறு சில தோல் நோய்களுக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் டாக்டர் தரும் மருந்துகள். இவற்றை முகம் வெளுக்கவும் பரு போகவும் தாங்களாகவே பலர் தடவுகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். அதை நம்பித் தொடர்ந்தால் தோல் மெலிந்து சிவக்கும், ரத்தக் குழாய்கள் தெரியும், முடி வளரும், பரு கொத்துக் கொத்தாக வரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது என்பதால் மறுபடியும் அதையே தடவுவார்கள். 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை மாற்றியதற்கு இந்தத் தவறான பயன்பாடுதான் காரணம்.

மாதக்கணக்கில் தடவி வருபவர்கள் திடீரென நிறுத்தாமல், ட்யூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் படிப்படியாக விடுவிப்பார்.

எப்போது டாக்டர்?

பரு வலித்துக் கட்டியானாலோ, தழும்பு விழுந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோடு, முகத்தில் முடியும் பருவும் கூடினால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டென்றால், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி அங்கிருந்து தோல் மருத்துவரிடம் போகலாம். இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. க்ரீம் வாங்கும் முன் அங்கே ஒரு தடவை போய் வந்துவிடுங்கள்.