பேரிங் ஏன் போனது?

ஒரு பம்பில் பேரிங் போய்விட்டது. கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் வெளியாட்கள் நினைப்போம். சில மாதங்களில் அந்தப் புதிய பேரிங்கும் போனால்? பேரிங்கை மாற்றக் கை பழகினால் போதும். அது ஏன் போனது என்று கண்டுபிடிப்பதுதான் ஆலைப் பராமரிப்பு மெக்கானிக்கின் உண்மையான வேலை. அதற்கு உரிய மரியாதை நம் ஊர்களில் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

காரைக்காலில் இந்தத் தொழிலுக்குத் தேவை நிறைய உண்டு. திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி அரசுக்குச் சொந்தமான 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் 2000-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2009-ல் இயங்கத் தொடங்கிய கீழவாஞ்சூர்த் துறைமுகம் 2023-ல் அதானி வசம் போனது. அங்கே நிலக்கரி முக்கியமான சரக்கு. மேலவாஞ்சூரில் கெம்பிளாஸ்ட் சன்மாரின் காஸ்டிக் சோடா ஆலை இருக்கிறது. காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஓ.என்.ஜி.சி.க்கும் இந்த ஊரில்தான் அலுவலகம். ஒவ்வோர் இடத்திலும் தயாரிப்பு வேறு. ஆனால் பம்ப், மோட்டார், கியர்பாக்ஸ், வால்வு, கன்வேயர் என்று மெக்கானிக் தொடுகிற பொருள்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

கழற்றிய பேரிங்கை நல்ல மெக்கானிக் குப்பையில் போடமாட்டார். அறுத்துப் பிரித்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குண்டுகள் ஓடிய தடம் நேராக இல்லாமல் சாய்ந்து கிடந்தால், ஷாப்ட்டோ ஹவுசிங்கோ கோணலாக உட்கார்ந்திருக்கிறது. குண்டுகளின் இடைவெளியிலேயே வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தால், மாட்டும்போது யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் சூடு; கிரீஸ் போதாமல் போயிருக்கலாம், அளவுக்கு மிஞ்சியும் திணித்திருக்கலாம். ஓடுபாதையில் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் தெரிந்தால், மோட்டாரிலிருந்து மின்சாரம் பேரிங் வழியாகக் கசிந்திருக்கிறது. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மாட்டுவதிலும் முறை உண்டு. பேரிங்கில் 6308 என்று எண் இருந்தால் உள்விட்டம் 40 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும். 04-லிருந்து மேலே உள்ள வழக்கமான அளவுகளுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். ஷாப்ட்டில் இறுக்கமாக உட்காருவது உள்வளையம். அதனால் அழுத்தம் உள்வளையத்தில்தான் விழ வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாகத்தான் உள்ளே போகும். மேலே சொன்ன பள்ளம் அப்படி விழுவதுதான். அளவு பெரிதென்றால் இண்டக்ஷன் ஹீட்டரில் சுமார் 110 டிகிரிக்குச் சூடாக்கினால் வளையம் விரிந்து தானாக ஏறிவிடும். கேஸ் டார்ச்சை நேராகக் காட்டினால் எஃகின் கடினத்தன்மை போய்விடும்.

அடுத்தது அலைன்மென்ட். மோட்டார் ஷாப்ட்டும் பம்ப் ஷாப்ட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கப்ளிங்கில் டயல் கேஜை மாட்டி, ஷாப்ட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். விளிம்பில் முள் 0.20 மி.மீ. வித்தியாசம் காட்டினால் உண்மையான விலகல் அதில் பாதி, 0.10 மி.மீ. மோட்டார் தாழ்ந்திருந்தால் காலுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்துத் தூக்க வேண்டும். அதற்கு முன் நான்கு காலும் தளத்தில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்று பீலர் கேஜால் பார்த்துவிட வேண்டும். ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தால், போல்ட்டை இறுக்கும்போதே பாடி முறுக்கிக்கொள்ளும். சூடான திரவம் ஓடும் பம்ப் என்றால் இன்னொரு கணக்கும் வரும். அடித்தளத்திலிருந்து ஷாப்ட் வரை 30 செ.மீ. உயரமுள்ள இரும்புப் பம்ப் 50 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.17 மி.மீ. உயரும். குளிர்ந்த நிலையில் அந்த அளவைக் கழித்துத்தான் வைக்க வேண்டும். இப்போது லேசர் கருவி எல்லாவற்றையும் திரையில் காட்டிவிடுகிறது. ஆனாலும் டயல் கேஜில் பழகியவருக்கே லேசர் தப்பாகக் காட்டும்போது சந்தேகம் வரும்.

காரைக்காலுக்கென்று ஒரு தொல்லை உண்டு: உப்புக் காற்று. போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்பியிருந்தால், உப்பிலுள்ள குளோரைடு அதிலும் ஊசிக்குத்தாகக் குழி தோண்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடாமல் நின்ற மோட்டாருக்குள் ஈரம் ஏறும். மறுபடி ஓட்டும் முன் மெகர் வைத்து இன்சுலேஷனைப் பார்க்காமல் ஸ்விட்சைப் போட்டால் சுருள் எரிந்துபோகலாம். எரிவாயு டர்பைன் உறிஞ்சும் காற்றில் உப்புத்தூள் இருந்தால் கம்ப்ரஸர் பிளேடில் படிந்து திறன் குறையும். அதனால்தான் காற்று வடிகட்டிகளை அடிக்கடி கவனிக்கிறார்கள், பிளேடுகளைக் கழுவுகிறார்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பர்மிட் வாங்கி, மின்சாரத்தை நிறுத்தி, அந்த ஸ்விட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வால்வை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். உற்பத்தி நின்றுவிட்டது, சீக்கிரம் என்று யார் அவசரப்படுத்தினாலும் இதில் ஒரு படியைக்கூடத் தாண்டக்கூடாது.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ. பிட்டர் பிரிவு நல்ல வாசல். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருடப் படிப்பு. அதன்பின் ஆலையில் அப்ரண்டிஸ். ஆரம்பத்தில் இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்து மட்டம் பார்க்க வைப்பார்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கைக்கு அளவு புரிவது அதில்தான். ஆலைக்குப் போனதும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எந்த மெஷின், எந்தத் தேதி, என்ன பேரிங், தடம் எப்படி இருந்தது, ஷிம் எவ்வளவு போட்டது. அதே பம்ப் அடுத்த முறை நிற்கும்போது முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.