ஷூவுக்குள் ஒரு கால்: சாலிஷ் கடலின் மர்மம்

இந்த எபிசோட்ல மரணம் பத்தின விவரங்கள் வரும். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க, முடிச்சுட்டு வாங்க.

2007 ஆகஸ்ட் 20. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஜெடடையா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே வந்த ஒரு சிறுமி, கரையில் கிடந்த ஷூவை எடுத்துப் பார்க்கிறாள். உள்ளே சாக்ஸ். சாக்ஸுக்குள்ளே மனிதக் கால்! ஆறே நாளில் காப்ரியோலா தீவில் இன்னொன்று. இரண்டும் வலது கால், இரண்டும் 12-ஆம் சைஸ். அப்படின்னா, ரெண்டு வேற வேற ஆளுங்க.

அதோட நிக்கல. பக்கத்திலிருக்கும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையையும் சேர்த்தால், அடுத்த சில வருடங்களில் பத்துக்கு மேல் கால்கள் கிடைத்தன.

உடனே கதைகள் கிளம்பிடுச்சு. சீரியல் கில்லர்னு ஒருத்தர், 2004 சுனாமியில் இறந்தவங்கன்னு இன்னொருத்தர். 2008-ல் யாரோ ஒரு விலங்கின் பாதத்தை ஷூவுக்குள் திணித்துக் கரையில் போட்டு விளையாடினார்கள். இதுல என்ன ஜோக் இருக்குன்னு எனக்குப் புரியல.

சரி, உண்மை என்ன?

முதல் கேள்வி, ஏன் கால் மட்டும்? கடலில் மூழ்கிய உடலை இறால், நண்டு மாதிரி உயிரினங்கள் சாப்பிடும். அவை முதலில் போவது மென்மையான இடங்களுக்கு. கணுக்காலைப் பிடித்து வைத்திருப்பது தசைநார்கள்தான். அவை போனால் பாதம் தானாகவே கழன்றுவிடும். யாரும் வெட்டத் தேவையில்லை. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் கெயில் ஆண்டர்சன், அதே பகுதிக் கடலடியில் பன்றி உடல்களை வைத்து கேமரா மூலம் கவனித்தார். காற்றோட்டமுள்ள நீரில் சில நாட்களிலேயே எலும்புதான் மிச்சம்.

இரண்டாவது, ஏன் முன்னாடி வரல? பதில் உங்க ஷூ ரேக்ல இருக்கு. இப்போதைய ஸ்போர்ட்ஸ் ஷூவில் லேசான ஃபோம், சிலதில் காற்றுப் பைகள். அது மிதக்கும், பாதத்தையும் மூடிப் பாதுகாக்கும். பழைய கனமான தோல் ஷூவாக இருந்தால் அடியிலேயே கிடந்திருக்கும்.

மூணாவது, ஏன் அங்கே? சாலிஷ் கடல், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் அடைபட்ட கடல். மிதக்கும் பொருளை நீரோட்டமும் காற்றும் வெளியே விடாமல் கரைக்கே தள்ளும்.

விசாரணை அதிகாரிகள் டிஎன்ஏ மூலம் பெரும்பாலானவர்களை அடையாளம் கண்டார்கள். கொலைக்கான தடயம் எதிலும் இல்லை. விபத்தில் இறந்தவர்கள், மனம் உடைந்து உயிரை விட்டவர்கள். அந்த முதல் கால்கூட, காணாமல்போன ஒருவருடையதுதான்.

நமக்கு இது ஒரு திகில் கதை. ஆனா ஏதோ ஒரு வீட்டில், 'எங்கேயாவது உயிரோட இருப்பாரா?'ன்னு தினமும் ஃபோனைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க. அவங்களுக்கு அந்த ஷூ கொண்டுவந்தது ஒரு முடிவு. இனி அழலாம், காரியம் பண்ணலாம். கடல் திருப்பிக் கொடுத்தது அவ்வளவுதான். அதுவே அவங்களுக்குப் பெருசு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.